செசபீக் கழிகளில் கயாக் மீன்பிடிப்பு: ஸ்ட்ரைப்ட் பாஸ், வெள்ளை பெர்ச் பிடிக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மேரிலாந்தில் செவர்ன், மகோத்தி, சாப்டாங்க் போன்ற ஆறுகள் செசபீக் விரிகுடாவில் கலக்கின்றன. அந்த ஆறுகளின் இரு கரையிலும் நூற்றுக்கணக்கான சிறு கழிகள் பிரிந்து போகின்றன. தண்ணீர் அரை உப்பு, கரையெல்லாம் சதுப்புப் புல், ஆழம் பெரும்பாலும் ஆறேழு அடிதான். மோட்டார் படகு நுழையத் தயங்கும் இந்த இடங்களுக்குக் கயாக் எனும் சிறு துடுப்புப் படகு பொருத்தமானது.

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். கயாக் வாங்குவார்கள், தூண்டில் கோலான ராடு வாங்குவார்கள், சனிக்கிழமை பத்து மணிக்குச் சாவகாசமாக இறங்குவார்கள். அந்த நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும், வெயில் ஏறியிருக்கும், மீன் வாய் திறக்காது. ஓதம் (கடல்நீர் ஏறுவதும் வடிவதும்), காற்று, இடம் மூன்றையும் முடிவுசெய்த பிறகுதான் தூண்டிலைப் பற்றி யோசிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும் இவை பொருந்தும்.

1. முதலில் ஓதக் கணக்கு

செசபீக்கில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அன்னாபொலிஸ் பக்கம் ஏற்ற வற்ற வித்தியாசம் சராசரியாக ஓர் அடிதான். ‘ஓர் அடியில் என்ன ஆகிவிடப்போகிறது’ என்று நினைக்க வேண்டாம். சதுப்புப் புல்வெளி முழுக்க அந்த ஓர் அடித் தண்ணீர் பரவி நிற்கிறது. அது வடியும்போது சின்னச் சின்ன வாய்க்கால்கள் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். புல்லுக்குள் ஒளிந்திருந்த இறாலும் குஞ்சு மீனும் அதோடு சேர்ந்து வெளியே வரும். பெரிய மீன் வாய்க்கால் வாசலில் காத்திருக்கும். ஆகவே வற்றம் தொடங்கி முதல் மூன்று, நான்கு மணி நேரமே உங்கள் முக்கிய நேரம்.

ஏற்றம் விடியலுக்குச் சற்றுப் பின்னால் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு ஜூன் மாதத்தில் காலை 6 மணிக்கு ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வெளிச்சத்தில், 5.15க்கு, கழி முகத்தில் இறங்குங்கள். ஏறும் தண்ணீரின் கடைசித் தள்ளலே உங்களைக் கழியின் உள்ளே கொண்டுபோகும். 6 மணியளவில் தண்ணீர் நிற்கும்போது நிழல் பக்கத்துக் கரையில் வீசிப் பாருங்கள். 7க்கு மேல் வாய்க்கால்கள் ஓடத் தொடங்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே தண்ணீரோடு சேர்ந்து முகத்தை நோக்கி இறங்கி வாருங்கள். 10, 10.30க்குள் கரையேறலாம். போகும்போதும் வரும்போதும் தண்ணீரே தள்ளிவிடும். தோள் வலிக்காது.

இதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. அன்னாபொலிஸ் அட்டவணை நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. கழியின் உள்கோடியில் ஏற்றம் பிந்தித்தான் வரும். எவ்வளவு பிந்தும் என்பது கழிக்குக் கழி மாறும். ஒரு தூணில் தண்ணீர் எப்போது திரும்பியது என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கு உதவும். வற்றத்தின் கடைசி வரை உள்ளேயே இருந்துவிடுவது இன்னொன்று. உள்கோடியில் தண்ணீர் வடிந்தபின் மிஞ்சுவது கரிய சேறு. கயாக் அதில் உட்கார்ந்துவிட்டால் இறங்கி இழுக்கலாம் என்று எண்ண வேண்டாம். கால் தொடை வரை புதையும். அடுத்த ஏற்றம் வரும் வரை கயாக்கிலேயே உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு.

2. காற்றைப் பார்த்து முடிவெடுப்பது

செசபீக்கில் காற்று ஓதத்தையே புரட்டிவிடும். வடமேற்குக் காற்று ஓங்கி அடித்தால் விரிகுடாத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அட்டவணை ஏற்றம் என்று சொல்லும் நேரத்தில் இறங்குதுறையில் சேறு தெரியும். தெற்குக் காற்று விடாமல் அடித்தால் தண்ணீர் வடியவே மறுக்கும். கிளம்புமுன் நோவா எனப்படும் அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பின் இணையதளத்தில் அன்னாபொலிஸ் நிலையத்தைத் திறந்து, கணித்த மட்டத்தையும் இப்போது இருக்கும் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கோடும் அரை அடிக்கு மேல் விலகியிருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

காற்று மணிக்கு 10 மைலுக்குக் கீழே இருந்தால் சுகம். 12க்கு மேல் போனால் புதியவர்கள் கழி முகத்தைத் தாண்டி ஆற்றுக்குள் போகக் கூடாது. காற்று ஒரு பக்கமும் ஓட்டம் எதிர்ப்பக்கமும் இருந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். கயாக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த அலைதான். கோடையில் பிற்பகல் இடிமழை சட்டென்று வரும். காலையில் முடித்துவிடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீரின் வெப்பம் 60 பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 16 செல்சியசுக்குக் கீழே இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிடுங்கள். ஏப்ரல் வெயில் உடம்புக்கு இதமாகத் தெரியும், தண்ணீர் அப்படி இருக்காது. குளிர்நீரில் விழுந்ததும் மூச்சு முட்டும், சில நிமிடங்களில் கைவிரல் மரத்துப்போகும். அதற்குரிய உடையும் பயிற்சியும் இல்லாமல் அந்தக் காலத்தில் இறங்கக் கூடாது.

3. உரிமமும் அளவும்

16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஓதநீரில் மீன்பிடிக்க உரிமம் வேண்டும். மேரிலாந்து இயற்கை வளத் துறையின் தளத்தில் ‘செசபீக் பே அண்ட் கோஸ்டல்’ உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னீர் உரிமம் இங்கே செல்லாது.

ஸ்ட்ரைப்ட் பாஸை உள்ளூரில் ராக்ஃபிஷ் என்பார்கள். மேரிலாந்தின் செசபீக் பகுதியில் 2024இலிருந்து ஒருவருக்கு நாளுக்கு ஒன்றுதான். அதுவும் 19 முதல் 24 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய மீனையும் விட வேண்டும், சிறியதையும் விட வேண்டும். 2019க்குப் பிறகு குஞ்சுக் கணக்கெடுப்பு தொடர்ந்து சராசரிக்குக் கீழேயே இருக்கிறது. கெடுபிடிக்குக் காரணம் அதுதான். எந்த மாதம் பிடித்து வைத்துக்கொள்ளலாம், எந்த மாதம் தேடிப் பிடிக்கவே கூடாது என்பது மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் வாரத்தில் துறையின் தளத்தைப் பார்ப்பது கட்டாயம். வெள்ளை பெர்ச்சுக்கு இந்த நெருக்கடி இல்லை. தூண்டிலில் பிடிப்பவருக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது.

புதியவர் அபராதத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அடையாளம் தெரியாமல்தான். எட்டு அங்குல ராக்ஃபிஷ் குஞ்சைப் பெர்ச் என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். ராக்ஃபிஷ் குஞ்சின் உடல் நீளமாக இருக்கும், பக்கவாட்டில் கருங்கோடுகள் தெளிவாக ஓடும். பெர்ச் உயரமான, தட்டையான உடம்புக்காரன். கோடு இல்லாத வெள்ளிநிறம். சந்தேகம் வந்தால் முதுகின் முன்துடுப்பை விரலால் நிமிர்த்துங்கள். பெர்ச்சில் பின்துடுப்பும் கூடவே எழும். இரண்டும் சவ்வால் ஒட்டியிருப்பதே காரணம். ராக்ஃபிஷில் முன்துடுப்பு மட்டும் எழும்.

4. கயாக்கில் ஏற்ற வேண்டியவை

10 முதல் 12 அடி நீளமுள்ள, மேலே உட்காரும் வகைக் கயாக் போதும். கவிழ்ந்தால் திரும்ப ஏறலாம், தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். இடுப்பளவு நீரில் ஒருமுறையாவது வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகிய பிறகுதான் ராடை ஏற்றுங்கள்.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது அறிவு. விசில், இருட்டில் காட்ட வெள்ளை விளக்கு, நீர்புகாப் பையில் கைபேசி, அங்கியில் செருகிய சிறு கத்தி, இரண்டு லிட்டர் தண்ணீர். துடுப்பைக் கயாக்கோடு ஒரு கயிற்றால் பிணையுங்கள். ராடுகளை அப்படிப் பிணைக்க வேண்டாம். கவிழும்போது காலில் சிக்கும் கயிறு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ராடு இரண்டு மட்டும்.

பெர்ச்சுக்கு ஆறடி லைட் ராடு, 1000 அல்லது 2000 அளவு ஸ்பின்னிங் ரீல், 6 பவுண்டு நரம்பு. ராக்ஃபிஷுக்கு ஏழடி மீடியம் ராடு, 3000 ரீல், 15 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. பிரெய்டின் முனையில் இரண்டடி 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடரை டபுள் யூனி முடிச்சால் இணையுங்கள். தூணிலும் சிப்பியிலும் உரசினால் பிரெய்டு அறுந்துவிடும், லீடர் தாங்கும். ரீலின் பிடிமானமான டிராகை 4 பவுண்டு இழுப்புக்கு வையுங்கள். சின்னத் தராசு ஒன்றை நரம்பில் மாட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும்.

மூன்றுமுள் கொக்கியோடு வரும் லூர்களில், அதாவது செயற்கை இரைகளில், அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டுங்கள். மடியில் துள்ளும் மீனின் வாயில் தொங்கும் மூன்றுமுள் கொக்கி அடுத்து ஏறுவது உங்கள் தொடையில்தான். முள்ளின் நுனியில் பின்னோக்கி நீளும் சிறு முனையையும் இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் உங்களுக்கும் எளிது.

5. பெர்ச்சில் தொடங்குங்கள்

எல்லோருக்கும் ராக்ஃபிஷ் மேல்தான் கண். ஆனால் கழியைப் படிக்கக் கற்றுத்தருவது பெர்ச்தான். பெர்ச் நிற்கும் இடம் தெரிந்துவிட்டால் ராக்ஃபிஷ் வரும் வழியும் பிடிபட்டுவிடும்.

பெர்ச் சேற்றை விரும்பாது, கெட்டித் தரையைத் தேடும். சிப்பிப் படுகை, கூழாங்கல், படகுத்துறைத் தூண், கரையில் கொட்டிய கல்கட்டு இவையெல்லாம் அதன் இடங்கள். தரையைக் கண்ணால் பார்க்க முடியாது, நரம்பால்தான் பார்க்க வேண்டும். கால் அவுன்ஸ் ஈயத்தை இறக்கி மெல்ல இழுங்கள். சேறு என்றால் ஈயம் ஒட்டிப் பிடித்து, பின் வழுக்கி விடுபடும். சிப்பி என்றால் ராடு நுனியில் நறநறவென்று உரசல் விரலுக்கு வரும். உரசல் வந்த இடத்தில் நில்லுங்கள்.

லூரில் எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ் பீட்டில் ஸ்பின் எனும் சுழல்தகடு லூர் போதும். வெள்ளை அல்லது எலுமிச்சைப் பச்சை. தூண்வரிசைக்குக் குறுக்கே வீசாமல் இணையாக வீசுங்கள். ஒரே வீச்சில் நாலைந்து தூண்களை லூர் கடக்கும். தரை தட்டும் வரை இறங்கவிட்டு, தகடு சுழல்வது கையில் தெரியும் அளவுக்கு மெதுவாகச் சுற்றுங்கள். புதியவர்கள் எல்லோரும் வேகமாகத்தான் சுற்றுகிறார்கள். லூர் மேலே ஏறிவிடுகிறது, மீன் கீழேயே இருக்கிறது.

லூரைச் சீந்தாத நாளில் இரை. அங்கே கிராஸ் ஷ்ரிம்ப் எனப்படும் ஒன்றரை அங்குலக் கண்ணாடி இறால் தூண்களிலும் புல்லோரத்திலும் ஒட்டியிருக்கும். நீண்ட பிடியுள்ள பொடிக்கண் கைவலையைத் தூணை ஒட்டி அடியிலிருந்து மேலே வழித்தால் கை நிறைய வரும். வாளித் தண்ணீரில் போட்டால் காற்றில்லாமல் சீக்கிரம் செத்துவிடும். ஈரச் செய்தித்தாளில் பரப்பி ஐஸ் பெட்டியில் வைத்தால் பாதிநாள் உயிரோடிருக்கும். 6 அல்லது 8 எண் முள்ளில் வாலிலிருந்து ஒன்றிரண்டு கோத்து, சிறு தக்கைக்குக் கீழே தரையிலிருந்து ஓரடி மேலே நிற்கும்படி விடுங்கள். கடையில் விற்கும் இரத்தப்புழுவும் வேலை செய்யும். ஆனால் விலை அதிகம், அது கடிக்கவும் செய்யும். முக்கால் அங்குலத் துண்டு போதும், முழுப்புழுவைக் கோப்பது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

பெர்ச் அளவு பார்த்துக் கூட்டம் சேரும். ஆறங்குல மீன் தொடர்ந்து வந்தால் அந்த இடத்தில் பெரியது இருக்காது. அடுத்த துறைக்கு நகருங்கள்.

கோடை நடுவில் ஒரு எச்சரிக்கை. ஆழமான குழியில் குளிர்ச்சியாக மீன் ஒதுங்கியிருக்கும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. வெயில் காலத்தில் செசபீக்கின் ஆழத்தில் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. பல கழிக்குழிகளிலும் இதே கதை. பதினைந்தடிக் குழியை விட்டுவிட்டு, நிழல் விழும் ஐந்தடித் தண்ணீரைப் பாருங்கள்.

6. வாய்க்கால் வாசலில் ராக்ஃபிஷ்

கயாக்கை வாய்க்கால் வாசலுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெருந்தவறு. மீன் நிற்கும் இடத்தின் மேலேயே நீங்கள் உட்கார்ந்துவிடுகிறீர்கள். வாசலிலிருந்து ஐம்பது, அறுபது அடி தள்ளி, ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் ஓரமாக நில்லுங்கள். துடுப்பு கயாக்கில் தட்டும் ஓசை தண்ணீருக்குள் தூரம் போகும். துடுப்பை மடியில் வைக்காமல் கொக்கியில் மாட்டுங்கள்.

கால் அவுன்ஸ் ஜிக் தலையில் (ஈயத் தலை கொண்ட முள்) மூன்றரை அங்குல ரப்பர் மீன், துடுப்பு வால் உள்ளது. அதை வாய்க்காலுக்குள்ளேயே, புல்லோரத்தில் வீசுங்கள். ஓட்டம் அதை வெளியே இழுத்து வரும். நரம்பு தொய்யாத அளவுக்கு மட்டும் சுற்றினால் போதும். வடியும் தண்ணீர் கழித் தண்ணீரோடு கலக்கும் இடத்தில் நிறம் மாறும் கோடு ஒன்று தெரியும், சில நாள் நுரைக்கோடாகத் தெரியும். ஜிக் அந்தக் கோட்டைத் தாண்டி வளையும்போதுதான் பெரும்பாலும் அடி விழும். ஆறேழு வீச்சில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வாய்க்கால். ஒரே வாசலில் ஒரு மணி நேரம் உட்காருவது வீண்.

விடியலின் முதல் அரைமணியில் மட்டும் தண்ணீரின் மேலே மிதந்து ஓசையெழுப்பும் பாப்பர் லூரைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் வெடித்துச் சிதறியவுடன் ராடை வெட்டி இழுக்கக் கூடாது. பாதி நேரம் மீன் லூரை அடித்துத்தான் பார்த்திருக்கும், வாயில் வாங்கியிருக்காது. பாரம் கையில் தெரியும் வரை அதே வேகத்தில் சுற்றுங்கள், பிறகு இழுங்கள்.

ராக்ஃபிஷுக்கு உயிர் இரை, துண்டு இரை வைப்பதானால் நுனி பக்கவாட்டில் கோணாத வட்டமுள் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. சாதாரண முள் தொண்டைக்குள் இறங்கிவிடும், விட்ட மீன் பிழைக்காது. கயாக்கிலிருந்து லூர் மட்டும் பயன்படுத்துவதே நல்லது என்பது எங்கள் கட்சி.

7. நங்கூரம்: ஆபத்து இங்கேதான்

ஓடும் தண்ணீரில் பக்கவாட்டில் நங்கூரம் கட்டினால் கயாக் குறுக்கே திரும்பும். ஓட்டம் மேல்விளிம்பை அமுக்கும், இரண்டு நொடியில் கவிழ்ந்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும்தான் கட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கயிற்றை முனைக்கு நகர்த்தும் கப்பி ஏற்பாடு இல்லாத கயாக்கில் நங்கூரமே வேண்டாம்.

ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு. கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடும். கயிற்றின் கடைசியில் ஒரு மிதவையைக் கட்டி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். பெரிய மீன் மாட்டினாலோ மோட்டார் படகு நேரே வந்தாலோ கயிற்றை அவிழ்த்துவிட்டு நகரலாம், மிதவையைப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நாலடிக்குக் குறைந்த சேற்றுத்தரையில் நங்கூரத்தைவிடக் குத்துக்கழி மேல். ஆறடிக் கம்பைச் சேற்றில் குத்திக் கயாக்கின் பின்முனையோடு கட்டினால் ஓசையே இருக்காது.

8. மீனைக் கயாக்கில் ஏற்றுதல்

ராக்ஃபிஷ் முதலில் கயாக்கையே இழுக்கும். இழுக்கட்டும். ராடை முன்முனைப் பக்கமாக வைத்துக்கொண்டால் கயாக் தானே மீன் பக்கம் திரும்பும், பக்கவாட்டுச் சாய்வு வராது. அவசரத்தில் டிராகை இறுக்குவதுதான் புதியவர் செய்வது. மீன் கயாக்குக்குக் கீழே பாயும், நரம்பு அறும்.

வலையை மீனின் மேல் போடாதீர்கள். வலையைத் தண்ணீருக்குள் வைத்து, மீனின் தலையை அதை நோக்கி நடத்துங்கள். எட்டி எடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு விதி: உங்கள் மூக்கு கயாக்கின் விளிம்பைத் தாண்டக் கூடாது. கையை நீட்டலாம், தலை நடுவிலேயே இருக்க வேண்டும்.

ராக்ஃபிஷின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், பல் உப்புத்தாள் போலத்தான் இருக்கும். பெர்ச்சை அப்படிப் பிடிக்க வேண்டாம். முன்னிருந்து பின்னாகக் கையால் வழித்து முதுகுமுள்ளை மடக்கிப் பிடியுங்கள். செவுள்மூடியின் ஓரமும் கீறும். கோடையில் இந்த வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா உண்டு. கீறல் சின்னதாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போய், உப்புக்கழியில் கீறியது என்று சொல்லுங்கள்.

விடுகிற மீனைத் தண்ணீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். வெப்ப நாட்களுக்கு இயற்கை வளத் துறை கொடி நிறத்தில் முன்னறிவிப்புத் தருகிறது. காற்றின் வெப்பம் 90 பாரன்ஹீட்டைத் தொட்டால் மஞ்சள், அதிகாலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். 95ஐத் தொட்டால் சிவப்பு, காலை 10 மணிக்குப் பிறகு ராக்ஃபிஷைத் தேடவே கூடாது. சூடான நீரில் போராடிய மீன் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு செத்து மிதக்கும்.

9. பெட்டியிலிருந்து அடுப்புக்கு

மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டபடி துடுப்பு போட வேண்டாம். இழுவை கூடும், கோடையில் மீன் வெந்ததுபோல் குழைந்துவிடும். குளிர்ப்பையில் நொறுக்கிய ஐஸோடு கொஞ்சம் கழித் தண்ணீர் சேர்த்தால் வெறும் ஐஸைவிட வேகமாகக் குளிரும். வைத்துக்கொள்ளும் ராக்ஃபிஷின் செவுளை உடனே அறுத்து இரத்தத்தை வடித்துவிட்டு ஐஸில் போடுங்கள். கவுச்சி பாதி குறையும்.

எட்டங்குலத்துக்கு மேற்பட்ட பெர்ச்சைச் செதில் சுரண்டி, இரு பக்கமும் எலும்பு வரை நெருக்கமாகக் கீறி, மசாலா தடவி மொறுமொறுவென்று பொரியுங்கள். அதற்குக் கீழே என்றால் முள்தான் மிஞ்சும், விட்டுவிடுவதே மேல். ராக்ஃபிஷ் சதை வெள்ளையாக, கொழுப்புக் குறைந்து இருக்கும். துண்டைக் கனமாக வெட்டினால் புளிக்குழம்பில் உடையாது. தலையை எறியாதீர்கள், குழம்புக்கு அதுதான் ருசி.

எந்த ஆற்று மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மேரிலாந்து சுற்றுச்சூழல் துறை பட்டியல் வெளியிடுகிறது. பிசிபி என்ற வேதிப்பொருள் காரணமாகச் சில ஆறுகளின் பெர்ச்சுக்கும் ராக்ஃபிஷுக்கும் வரம்பு உண்டு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வரம்பு இன்னும் கடுமை. நீங்கள் இறங்கும் ஆற்றின் பெயரை அதில் தேடிப் பார்த்த பிறகு எத்தனை பெர்ச் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள்.